கடைசித் தகவல் வந்த தேதி

எங்கள் துறையில் இப்போது வேலை பார்ப்பவர்கள் சென்ற மாதம் எனக்கு ஒரு பயிற்சிக் குறிப்பின் வரைவை அனுப்பினார்கள். இதயத்தில் கருவி பொருத்திக்கொண்ட நோயாளிகளைத் தூரத்திலிருந்தே கண்காணிப்பது எப்படி என்று புதிதாகச் சேர்பவர்களுக்குச் சொல்லும் குறிப்பு. கட்டிலருகே வைக்கும் பெட்டிக்குப் பதிலாகக் கைப்பேசியிலேயே எல்லாம் நடக்கும் முறை வந்துவிட்டதால் பழைய குறிப்பை மாற்றி எழுதுகிறார்கள். ஆரம்பத்திலிருந்து இருந்தவன் என்பதால் நான் படித்துப் பார்க்க வேண்டும், முடிந்தால் என் அனுபவத்தையும் சில பக்கங்கள் எழுதித் தர வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

ஒன்பதாம் பக்கத்தில், ரங்கத் என்ற ஊரைச் சேர்ந்த ஒருவரைப் பற்றி, 'ரங்கத் நோயாளி' என்று ஓர் உதாரணம் இருந்தது. உடனே வரும்படி தொலைபேசியில் சொல்லியும் குடும்பத்தினர் மழையைக் காரணம் காட்டித் தாமதித்ததால் ஏற்பட்ட மரணம் என்று எழுதியிருந்தது. அதில் மரணம் மட்டுமே உண்மை. மற்றதெல்லாம் நான் எழுதிய பொய். அதைச் சொல்வதற்காகவே இந்தப் பக்கங்களை எழுதுகிறேன். மருத்துவமனையின் பெயரைத் தவிர்க்கிறேன். தவறு அதனுடையது அல்ல.

என் அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து அரசு குமாஸ்தாவாக அந்தமானுக்கு, போர்ட் பிளேருக்கு வந்தவர். நான் அங்கே லம்பா லைன் என்ற பகுதியில் வளர்ந்தேன். சென்னையில் இரண்டு வருடம் இதயப் பிரிவு டெக்னீஷியன் படிப்புப் படித்துவிட்டுத் திரும்பி, இசிஜி எடுப்பவனாகச் சேர்ந்தேன். இருபது வருடத்துக்கு மேல் அந்த வேலைதான். படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல வேறு எதுவும் இல்லை.

பேஸ்மேக்கர் வைத்துக்கொள்ள எங்கள் தீவு மக்கள் மெயின்லேண்டுக்குத்தான் போவார்கள். வைத்துக்கொண்டு வந்த பிறகு, ஒவ்வொரு பரிசோதனைக்கும் டிக்லிப்பூரிலிருந்தும் மாயாபந்தரிலிருந்தும் ரங்கத்திலிருந்தும் ஒரு நாள் முழுக்கப் பயணம் செய்து எங்களிடம் வர வேண்டும். பஸ்ஸைப் படகில் ஏற்றிக் கால்வாயைக் கடந்து, காட்டுக்குள் போலீஸ் காவலோடு கான்வாயில் வரிசையாக வந்து சேர வேண்டும். இந்த அலைச்சலைக் குறைக்கத்தான் பெட்டிகள் வந்தன. பெட்டி நோயாளி தூங்கும் கட்டிலுக்கு அருகே இருக்கும். தூக்கத்தில் பேஸ்மேக்கர் சொல்வதைக் கேட்டு, மொபைல் சிக்னல் வழியாக அனுப்பும். காலையில் நான் கணினியில் வலைப்பக்கத்தைத் திறந்தால் பெயர்கள் வரிசையாக நிற்கும். எல்லாம் சரி என்றால் பச்சை. கவனிக்க வேண்டியதென்றால் சிவப்பு. ஒரு வாரமாகத் தகவலே வராவிட்டால் பெயர் சாம்பல் நிறமாகிவிடும்.

எங்கள் இதயநோய் மருத்துவர் டிக்லிப்பூரில் பிறந்த வங்காளிப் பெண்மணி. நாங்கள் மேடம் என்போம். உரக்கப் பேச மாட்டார், யாரையும் திட்டியதில்லை. காலையில் என் மேசையருகே வந்து, திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"பாத் ஹுவா?"

பேசியாயிற்றா என்று அர்த்தம். சிவப்பைப் பற்றி அவர் கேட்பதில்லை, அதை அவரே பார்த்துவிடுவார். சாம்பல் நிறப் பெயர்களிடம் பேசினாயா என்பதுதான் கேள்வி. "சிவப்பு கத்தும். சாம்பல் கத்தாது. அதனால்தான் உங்களை வைத்திருக்கிறேன்" என்று ஒருமுறை ஹிந்தியில் சொன்னார்.

அவர் வகுத்த முறை இது. சாம்பல் பெயர் ஒவ்வொன்றையும் போனில் அழைக்க வேண்டும். மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்: பெட்டியில் விளக்கு எரிகிறதா, கட்டிலிலிருந்து கையெட்டும் தூரத்தில் இருக்கிறதா, உடம்பு எப்படி இருக்கிறது. பதிலைப் பதிவேட்டில் எழுத வேண்டும். போன் கிடைக்காவிட்டால் அந்த ஊர்ச் சுகாதார நிலையத்தில் சொல்லி ஆளை அனுப்பச் சொல்ல வேண்டும். நோயாளியே திரும்ப அழைத்தால் எழுதுவதற்காக, பதிவேட்டில் ஒவ்வொரு நாளின் முடிவிலும் இரண்டு வரி காலியாக விட வேண்டும். அந்தக் காலி வரிகளைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கும்.

முதல் இரண்டு வருடங்கள் நான் அப்படியே செய்தேன். ஆனால் அது கடலடிக் கேபிள் வருவதற்கு முந்தைய காலம். தீவில் நெட் போனால் எல்லாருக்கும் போகும், சில சமயம் ஒரு வாரத்துக்கு மேல்கூட. ஒரு திங்கட்கிழமை காலையில் திறந்தால் மொத்தப் பட்டியலும் சாம்பலாக இருக்கும். இருபத்தேழு பேரையும் அழைத்தால் இருபத்தேழு பேரும் நெட் இல்லை என்ற ஒரே பதிலைச் சொல்வார்கள்: "நெட் நஹி ஹை சார்." நான் பதிவேட்டில் பெயருக்கு எதிரே 'நெட்' என்று எழுத ஆரம்பித்தேன். பிறகு அழைக்காமலே எழுத ஆரம்பித்தேன். மேடம் கேட்டால் "ஹுவா மேடம்" என்பேன். பெரும்பாலும் அது தவறாகவும் போகவில்லை. இரண்டு நாளில் பெயர்கள் தாமாகப் பச்சைக்குத் திரும்பிவிடும்.

கேபிள் வந்தது. போர்ட் பிளேரில் நெட் நிலையாக நின்றது. மற்ற ஊர்களிலும் மெல்ல மெல்லச் சரியானது. என் கை மட்டும் 'நெட்' என்று எழுதுவதை நிறுத்தவில்லை. காரணம் போன பிறகும் பழக்கம் இருந்தது. இதைவிட நேர்மையாக அதை விளக்க எனக்குத் தெரியவில்லை.

பாக்கியம் என்ற பெண்மணிக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது இருக்கும். ரங்கத் பஜாரிலிருந்து கொஞ்ச தூரம் உள்ளே, கணவர் சுப்பையாவுக்குப் பாக்குத் தோட்டம் இருந்தது. ஒரே மகன் முருகன் போர்ட் பிளேரில் கப்பல் டிக்கெட் ஆபீசில் வேலை பார்த்தான். பாக்கியத்தின் இதயம் தானாக நிமிடத்துக்கு முப்பது முறைகூட அடிக்காது. பேஸ்மேக்கர் இருந்ததால் நடமாடினார். அது நின்றால் அவரும் நின்றுவிடுவார் என்ற நிலை.

பெட்டியைக் கொடுத்த அன்று இருவரும் என் அறைக்கு வந்திருந்தார்கள். பாக்கியம் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ராத்திரியெல்லாம் இது என்னையே கேட்டுக்கிட்டு இருக்குமா சார்?"

"ஆமாம்மா."

"அப்ப இவரு கொறட்டையும் கேக்குமே. டாக்டர் மேடம் என்னா நெனைப்பாங்க?"

"நெனைக்கட்டும்," என்றார் சுப்பையா. "ஒரு மனுசன் உழைச்சிட்டுத் தூங்குறான்னு கவர்மெண்டுக்கும் தெரியட்டும்."

நான் சிரிக்கவில்லை. அதற்கு முன் ஒரு வீட்டில் பெட்டியை நனையவிட்டுக் கெடுத்திருந்தார்கள். மேலிடத்துக்கு நான் விளக்கம் எழுத வேண்டியிருந்தது. அந்த எரிச்சலை இவர்கள் மேல் காட்டினேன். "விளையாட்டில்லை. இது ஆஸ்பத்திரி சொத்து. ஒரு சொட்டுத் தண்ணி பட்டாலும் நீங்கதான் பொறுப்பு. வேலை முடிஞ்சதும் வாங்கின மாதிரியே திருப்பித் தரணும். இங்க கையெழுத்துப் போடுங்க" என்றேன். சுப்பையா பேனாவை இறுகப் பிடித்து நிதானமாகக் கையெழுத்திட்டார். பெட்டி கட்டிலருகே இருக்க வேண்டும் என்பதை ஒருமுறை சொன்னேன். நனையக் கூடாது என்பதை நான்கு முறையாவது சொல்லியிருப்பேன்.

அதற்கடுத்த வருடம் ஆடி மாதம். மழை நிற்காமல் அடித்தது. பாக்கியத்தின் பெயர் சாம்பலானது. நான் 'நெட்' என்று எழுதினேன். அடுத்த வாரமும் எழுதினேன்.

பிறகு ஒரு நாள் காலை பதினொரு மணி வாக்கில் சுப்பையா போன் செய்தார்.

"சார், நமஸ்தே. ரங்கத் சுப்பையா. இவளுக்கு ரெண்டு தடவ கண்ணு இருட்டிக்கிட்டு வந்திருச்சு. நாளைக் காலை பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டிருக்கேன். கூட்டிட்டு வரட்டா?"

வலைப்பக்கத்தில் பெயரை அழுத்தினேன். அறிக்கை திறந்தது. பேட்டரி நன்றாக இருந்தது. பேஸ்மேக்கரையும் இதயத்தையும் இணைக்கும் ஒயரின் அளவுகள் எல்லாம் பச்சை. அதன் கீழே, சிறிய எழுத்தில், கடைசியாகத் தகவல் வந்த தேதி இருந்தது. அன்றைக்குப் பத்தொன்பது நாள் முந்தைய தேதி. நான் அதைப் படிக்கவில்லை. மூன்று வாரத்துக்கு முந்தைய பாக்கியத்தைப் பார்த்துக்கொண்டு அன்றைய பாக்கியத்துக்குப் பதில் சொன்னேன்.

"மெஷின் முதல் தரமா இருக்கு. சரியா சாப்பிட்டாங்களா?"

"வெள்ளிக்கிழமை விரதம் இருந்தா சார்."

"அதான். வெறும் வயித்துல இருந்தா இருட்டிக்கிட்டுதான் வரும். இந்த மழையில எதுக்கு அவ்வளவு தூரம் அலையுறீங்க? அடுத்த மாசம் எப்படியும் செக்கப் இருக்கில்ல."

அவருக்குப் பின்னால் பாக்கியத்தின் குரல் கேட்டது. "எதுக்கும் நேர்ல ஒரு தடவ காட்டிட்டு வந்துருவோம்னு சொல்லுங்க." அந்தக் குரலை நான் தெளிவாகக் கேட்டேன்.

"சும்மா இரு. சாரே மெஷின்ல பாத்துட்டுச் சொல்றாரு," என்று மனைவியை அடக்கிவிட்டு, "டீக் ஹை சார். ரொம்ப நன்றி," என்றார் என்னிடம்.

ஓர் ஏழைக் குடும்பத்துக்கு ஒரு நாள் அலைச்சலை மிச்சப்படுத்திவிட்டேன் என்ற திருப்தியோடு டீ குடிக்கப் போனேன். அழைப்பைப் பதிவேட்டில் எழுதவில்லை.

நான்காம் நாள் பாக்கியம் சமையலறையில் விழுந்து இறந்தார்.

உடலை எரிப்பதற்கு முன்னால் பேஸ்மேக்கரை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நெருப்பில் வெடிக்கும். ரங்கத் மருத்துவமனையில் எடுத்து, துணியில் சுற்றி எங்களுக்கு அனுப்பினார்கள். மேடமும் நானும் அதை மேசையில் வைத்து, அதன் நினைவில் இருந்ததைப் படித்தோம். ஒயரின் மின்தடை ஒவ்வொரு நாளும் ஒரு புள்ளியாகப் பதிவாகியிருக்கும். பல மாதங்கள் ஒரே மட்டத்தில் போன கோடு கடைசிப் பத்து நாளில் படிப்படியாக ஏறி, செங்குத்தாக முடிந்திருந்தது. ஒயர் உள்ளே முறிந்துகொண்டிருந்தது. தகவல் வந்துகொண்டிருந்தால் முதல் படியிலேயே சிவப்பு வந்திருக்கும். அந்தப் பஸ்ஸில் வந்திருந்தாலும் போதும், ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்திருப்போம். தற்காலிக ஒயர் போட்டு மெயின்லேண்டுக்கு அனுப்பியிருப்போம்.

மேடம் வெகுநேரம் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பாத் ஹுவா?"

"ஹுவா, மேடம்."

"என்ன சொன்னீர்கள்?"

"உடனே வரச் சொன்னேன். மழை விடட்டும் என்று சொன்னார்கள்."

யோசித்துச் சொன்ன பொய் அல்ல. வாயைத் திறந்தேன், அது வந்தது. ஆனால் அடுத்துச் செய்ததை யோசித்துத்தான் செய்தேன். பதிவேட்டைக் கொண்டு வரச் சொன்னார். என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சுப்பையா அழைத்த நாளின் பக்கத்தைத் திருப்பினேன். கடைசியில் இரண்டு வரிகள் காலியாக இருந்தன. நோயாளியின் குரலுக்காக மேடம் விடச் சொன்ன வரிகள். அவற்றில் அந்தப் பொய்யை எழுதினேன். மை காயட்டும் என்று ஊதினேன். கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மேடம் படித்தார். "இருந்தாலும் நாம் மறுநாள் இன்னொரு முறை அழைத்திருக்க வேண்டும். அந்த விதியை நான் வைக்கவில்லை. தவறு என்னுடையது" என்றார். அன்றிலிருந்து இரண்டு முறை அழைக்கும் விதி வந்தது. இப்போதும் இருக்கிறது.

அதற்கடுத்த வாரம் முருகன் வந்தான். மேடத்தின் முன்னால் உட்கார்ந்து, தான் பிறந்ததிலிருந்து பேசிய ஹிந்தியில் அமைதியாகத்தான் கேட்டான். ஆஸ்பத்திரியில் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்று அப்பா சொல்கிறார், அது நிஜமா என்று. மேடம் பதிவேட்டைத் திறந்து அவனிடம் காட்டினார். அவன் படித்துவிட்டு, கதவருகே நின்ற என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டான்.

"நீங்கதான் பேசினீங்களா அண்ணே?"

"ஆமா தம்பி."

"வரச் சொன்னீங்களா?"

எழுதிய பொய்யை அந்த நொடியில்கூட அழித்திருக்கலாம். "சொன்னேன்," என்றேன்.

அவன் எழுந்தான். "பாக்கு காய வைக்கணும், மழைன்னு ஏதாவது சொல்லியிருப்பாரு," என்றான். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை. போய்விட்டான்.

காரியமெல்லாம் முடிந்து சுப்பையா பெட்டியைத் திருப்பித் தர வந்தார். பாலித்தீன் உறைக்குள் உறையாக மூன்று சுற்று. அதற்கு மேல் ரப்பர் பேண்டுகள். ஒவ்வொன்றாக அவரே பிரித்தார். "பாத்துக்குங்க சார். ஒரு சொட்டுத் தண்ணி படல. கூரை ஒழுக ஆரம்பிச்ச அன்னைக்கே சுத்தி பீரோவுக்குள்ள வச்சிட்டேன். மழை விட்டதும் எடுத்து வைக்கலாம்னு இருந்தோம்."

பெயர் ஏன் சாம்பலானது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அழைத்து, பெட்டி எங்கே இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

கிளம்பும்போது சொன்னார்: "நீங்க மெஷின் நல்லாருக்குன்னு சொன்னீங்கல்ல. அதனால கடைசி நாலு நாளும் பயமில்லாம இருந்தா சார். அது ஒரு புண்ணியம்."

நான் ரசீதில் கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை நான் ஒரு சாம்பல் பெயரையும் அழைக்காமல் விடவில்லை. பிரிவுபசாரக் கூட்டத்தில் அதைத்தான் பாராட்டிப் பேசினார்கள். அதை இங்கே என் கணக்கில் யாரும் சேர்த்துக்கொள்ள வேண்டாம். வேலையைத்தான் திருத்திக்கொண்டேன். பொய்யை அப்படியே விட்டேன். மேடம் வருடாவருடம் அந்த நிகழ்வைப் புதியவர்களுக்குச் சொன்னார். நான் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். குடும்பங்கள் அலட்சியமாக இருக்கும் என்பதற்கு உதாரணமாகச் சுப்பையாவைப் பற்றி எத்தனை பேர் படித்துப் போயிருப்பார்கள் என்று தெரியாது. அவர்களில் யாராவது, உடம்பு சரியில்லை என்று சொன்ன ஒரு குடும்பத்தை நம்பாமல் விட்டிருப்பார்களா என்பதும் தெரியாது.

ஒன்பதாம் பக்கத்தில் இனி இருக்க வேண்டியது இதுதான்: குடும்பத்தினர் அழைத்தார்கள். டிக்கெட் எடுத்திருந்தார்கள். டெக்னீஷியன் தேதியைப் பார்க்காமல் வர வேண்டாம் என்றார். பிறகு பதிவேட்டில் பொய் எழுதினார். இப்போது மெயின்லேண்டில் இருக்கும் மேடத்துக்கும் இதன் பிரதியை அனுப்பியிருக்கிறேன். என் மேல் என்ன நடவடிக்கை எடுத்தாலும் சரி.

இதை அனுப்புவதற்கு முன் சென்ற வாரம் ரங்கத்துக்குப் போனேன். இதை முதலில் கேட்க வேண்டியவர் காகிதத்தில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது என்று நினைத்தேன். சுப்பையா முற்றத்தில் பாக்கைப் பரப்பிக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். என்னை அடையாளம் கண்டு நாற்காலி எடுத்துவரப் போனார். வேண்டாம் என்று நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பழைய தேதி, பதிவேடு, முருகனிடம் சொன்னது, எல்லாம்.

அவர் கையிலிருந்த பாக்குகளைக் கீழே போட்டார்.

"அன்னைக்கி பஸ் ஏறியிருந்தா?"

"அநேகமா பொழச்சிருப்பாங்க."

"அவ போலாம்னுதான் சொன்னா. நாந்தான் அடக்குனேன்," என்றார்.

"என்னை நம்பித்தான அடக்குனீங்க."

"அது உங்க பேச்சு. அவ வாயை மூட வச்சது நான்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பயல் ஏன் அப்படிப் பேசினான்னு இத்தனை நாளா எனக்குப் புரியல சார். உங்களுக்குப் பாக்குதான முக்கியம்னு ஒரு வார்த்தை. அதோட சரி. சென்னைக்கு மாத்திக்கிட்டுப் போயிட்டான். ஆஸ்பத்திரியில என்னமோ தப்பா வெளங்கிக்கிட்டான்னு நெனைச்சேன். ஆஸ்பத்திரி பொய் சொல்லும்னு நெனைக்கல."

"என்னை மன்னிச்சிருங்க" என்று தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"எங்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது? அவ போய்ட்டா. எனக்கு இருக்கிறது அவன் ஒருத்தன்தான். அவன்ட்ட சொல்லுங்க. இப்பவே."

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, எண்களை ஒவ்வொன்றாக அழுத்தி, என் கையில் கொடுத்தார். ஒலிபெருக்கியில் போட்டிருந்தார். நான்கைந்து முறை மணி அடித்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோன்?" என்றது முருகனின் குரல்.

யாரது என்று கேட்டான். அப்பாவின் எண் அவன் போனில் இல்லை. நான் என் பெயரைச் சொன்னேன். போர்ட் பிளேரில் வேலை பார்த்த டெக்னீஷியன் என்றேன். வைத்துவிடாதே தம்பி என்றேன்.

"உங்க அப்பா உங்கிட்ட சொன்னதுதான் நெசம்," என்றேன்.

அவன் வைக்கவில்லை. முற்றத்தில் நின்றபடி, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.